பழசைக் கையில் கொடுக்கவில்லை

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு வாசல் மணி அடித்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தவளுக்கு அது நடுராத்திரி. கையெழுத்து வாங்காமல் தரமாட்டேன் என்று கூரியர்காரர் நிற்க, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போய் வாங்கினேன். எந்த எழுத்தும் இல்லாத பழுப்பு நிற அட்டைப்பெட்டி. உள்ளே, கோளாறு என்று தயாரித்த நிறுவனத்துக்கே நான் திருப்பி அனுப்பியிருந்த என் கைத்துப்பாக்கி, அதன் மேல் நான்காக மடித்த ஒரு தாள். தாளில் மூன்று வரி. பரிசோதிக்கப்பட்டது. சுத்தம் செய்து எண்ணெய் இடப்பட்டது. சுட்டுப் பார்த்ததில் தொழிற்சாலை அளவுகளுக்குள் இயங்குகிறது. நான்கு வாரம் காத்திருந்தது இந்த மூன்று வரிக்குத்தான்.

இந்த மாதிரித் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று நடுராத்திரியில் காரணமில்லாமல் நின்றுபோனால், அதில் சிவப்பு அட்டையைக் கட்டி, என்ன நடந்தது என்று எழுதி, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் பயோமெட் ஆட்களுக்கு அனுப்புவோம். இரண்டு நாளில் அது பச்சை ஸ்டிக்கரோடு திரும்பி வரும். கோளாறு எதுவும் காணப்படவில்லை. அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் எங்கள் வார்டில் மூத்த நர்ஸ்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அதே பம்ப்பை எடுத்துப் போகும் புதுப்பெண்ணிடம், "அதை வேண்டாம், அந்த மூலையில் இருக்கிறதை எடுத்துக்கோ" என்பார்கள். அந்தச் சிரிப்பு அன்று காலை எனக்கும் வந்தது. மூலையில் எடுத்துக்கொள்ள இன்னொன்று என்னிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற வாதத்துக்கு இந்தப் பதிவில் இடமில்லை. நானும் பல வருடம் வேண்டாம் என்ற பக்கம் இருந்தவள்தான். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் நான் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்கதவை யாரோ உதைத்துத் திறக்கப் பார்த்தார்கள். கதவு தாங்கியது. நான் குளியலறையில் உட்கார்ந்து போலீஸுக்குப் பேசினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் யோசித்து, வகுப்புக்குப் போய், வாங்கினேன். வாங்குவது யோசித்ததைவிடச் சுலபம். 4473 என்று ஒரு படிவம், எஃப்பிஐ கணினியில் ஒரு பின்னணிச் சோதனை, சில நிமிடத்தில் சரி என்று பதில். (குடியுரிமை வாங்கிவிட்டதால் எனக்கு இது. எச்1பி விசாவில் இருப்பவருக்குச் சட்டப்படி துப்பாக்கி கிடையாது. வேட்டை உரிமம் எடுத்தால் உண்டு. இந்த விலக்கை யார் யோசித்தார்களோ.) நாகர்கோவிலில் அம்மாவிடம் சொன்னபோது, "எதுக்கு மக்ளே உனக்கு இந்த வேல?" என்றாள். ஊரில் தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கியைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு, மகள் மளிகைச் சாமான் மாதிரி ஒன்றை வாங்கி வந்தது பிடிபடவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முந்நூறுக்குப் பன்னிரண்டு

அது 9 மி.மீ. பிஸ்டல். சின்னது. மேகசின் என்னும் தோட்டாப் பெட்டி ஒன்றுக்குப் பத்துத் தோட்டா. முதல் நாள் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சில் 100 தோட்டா சுட்டேன். 23ஆவது தோட்டாவில் மாட்டிக்கொண்டது. அப்புறம் 41, 66, 93. நான்கு முறையும் ஒரே மாதிரிதான் மாட்டியது.

என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மேலே சொல்வது புரியும். தோட்டா வெடித்ததும் குண்டு குழாய் வழியே போய்விடுகிறது. பித்தளைக் கூடு மட்டும் குழாயின் பின்முனையில் உள்ள அறையில் நிற்கிறது. மேலே உள்ள ஸ்லைடு பின்னால் பாயும்போது, அதிலிருக்கும் ஒரு சின்னக் கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து வருகிறது. இந்தக் கொக்கிக்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். இழுத்து வந்த கூடு ஒரு முனையில் இடித்து வலப்பக்கம் தெறிக்கிறது. ஸ்லைடு முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து அறையில் வைக்கிறது. என்னுடையதில் கொக்கி வழுக்கிவிடுகிறது. கூடு அறையிலேயே நிற்க, பின்னால் வந்த புதுத் தோட்டா அதன் முதுகில் முட்டி நிற்கிறது. கோயில் வாசலில் உள்ளே இருப்பவர் வெளியே வருமுன் அடுத்தவர் தலையை நுழைத்த கதை. இதை எடுப்பதற்கு ஸ்லைடைப் பூட்டி, மேகசினைப் பிடுங்கி, ஸ்லைடை மூன்று தடவை இழுத்து விட்டு, மறுபடி மேகசினைப் போட வேண்டும். ரேஞ்சில் நிதானமாகச் செய்தால் எனக்குப் பத்து வினாடி. பின்கதவு உடைந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு என்று தெரியவில்லை.

புதுத் துப்பாக்கி 200 தோட்டா வரை பழக வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. பழகட்டும் என்று விட்டேன். ஆனால் நர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, தோட்டாவின் பிராண்டு, எடை, எந்த மேகசின், எத்தனையாவது சுடு, எப்படி மாட்டியது என்று கட்டம் கட்டினேன். குற்றம் மேகசினிலும் இருக்கலாம் என்பதால், இரண்டு மேகசின்களின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்தேன். மூன்று பிராண்டு தோட்டா மாற்றிப் பார்த்தேன். குண்டின் எடையிலும் 115 கிரெய்ன், 124 கிரெய்ன் என்று இரண்டு போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் நூறுக்கு மூன்று முறை, மூன்றாம் நாள் நூறுக்கு ஐந்து முறை மாட்டியது. மொத்தம் 300 தோட்டா, 12 தடவை. முதல் மேகசினில் ஏழு, இரண்டாவதில் ஐந்து. எல்லாப் பிராண்டிலும் உண்டு. ஆக மேகசின் இல்லை, தோட்டா இல்லை. மிச்சம் இருப்பது துப்பாக்கி.

மிச்சம் இன்னொன்றும் உண்டு என்பதை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அது நான். எடுத்தவர் நல்ல மரியாதையான பையன். வாக்கியத்துக்கு ஒரு "மேம்" போட்டுப் பேசினான். எல்லாம் கேட்டுவிட்டு, "மேம், பிஸ்டலை இறுக்கிப் பிடிக்கிறீர்களா? மணிக்கட்டு தளர்ந்தால் இப்படி ஆகும். பெண்களுக்கு இது அடிக்கடி வரும்" என்றான். அப்புறம், "வீட்டில் வேறு யாராவது சுட்டுப் பார்த்தார்களா?" வேறு யாராவது என்றால் யார் என்று இருவருக்கும் தெரியும்.

நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நெஞ்சை அமுக்குவது என் வேலையில் ஒரு பகுதி. நூறு கிலோ மனிதரைப் புரட்டிப் போட்டுப் படுக்கை விரிப்பு மாற்றுவேன். என் மணிக்கட்டுக்கு என்ன குறை? ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது வேறு இருந்தது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது என்பது உண்மை. அப்போது பொதுவாக நடப்பது, வெளியே வந்த கூடு துப்பாக்கியின் பக்கவாட்டுத் திறப்பில் புகைபோக்கி மாதிரி நெட்டுக்குத்தாக மாட்டிக்கொள்வது, அல்லது அடுத்த தோட்டா ஏறாமல் போவது. என்னுடையதில் கூடு அறையை விட்டே வரவில்லை. இதைச் சொன்னேன். அவன் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "துப்பாக்கியைத் திருப்பி அனுப்பக் கூரியர் லேபல் அனுப்புகிறேன் மேம்" என்றான்.

லேபல் உடனே வந்தது. இதில் குறை சொல்ல முடியாது. போக வரக் கூரியர் செலவு அவர்களுடையது. கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப நம்மைப் போன்ற சாதாரண ஆளுக்கு அப்போது வழியில்லை. 1927இல் போட்ட சட்டம். ஆகவே கூரியர்தான், அதுவும் அவர்கள் அனுப்பும் லேபலில்தான். பெட்டிக்கு வெளியே உள்ளே என்ன என்று தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மேகசினோடு, என் நோட்டின் மூன்று பக்கத்தை நகலெடுத்து உள்ளே வைத்தேன். அந்த நகலை அங்கே யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. நான் மடித்துக் கிளிப் போட்டபடியே, பிளாஸ்டிக் உறைக்குள், திரும்பி வந்தது.

நாற்பத்து நாலு சதவீதம்

போன் செய்து, "எத்தனை தோட்டா சுட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். இந்த முறை வேறு ஒருவர். "வழக்கமாக இரண்டு மேகசின் மேம்." அதாவது இருபது.

அன்று இரவு ஷிப்டில், மூன்று மணிக்கு வார்டு அடங்கியிருந்த நேரம், இந்த இருபது மனசில் உறுத்தியது. பழைய சார்ட் தாள் ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டேன். நூறுக்கு நாலு மாட்டும் துப்பாக்கி ஒரு சுடுதலில் மாட்டாமல் இருக்க வாய்ப்பு 0.96. இருபது முறையும் மாட்டாமல் இருக்க 0.96ஐ இருபது தடவை பெருக்க வேண்டும். போன் கால்குலேட்டரில் போட்டால் 0.44. கோளாறுள்ள என் துப்பாக்கி அவர்கள் சோதனையில் சுத்தமாகத் தேறிவிட நூறில் நாற்பத்து நாலு வாய்ப்பு. பூவா தலையா போட்டுப் பார்த்து நோயில்லை என்று சொல்வதற்கு இது எவ்வளவு தூரம்?

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருபது சுட்டார்கள், இருபதும் வந்தது, அதை எழுதினார்கள். நான் எழுதி அனுப்பிய 300ஐ அந்த இருபது அடித்துவிட்டது. காரணம் இருபது அவர்களுடையது, முந்நூறு என்னுடையது. என் கோபம் எங்கே இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் பிடிபட்டது. துப்பாக்கி கோளாறாக வந்ததில் இல்லை. எதையும் ஆயிரக்கணக்கில் செய்தால் ஒன்றிரண்டு அப்படித்தான் வரும்.

திரும்பி வந்ததை அந்த ஞாயிறு ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். 31ஆவது சுடு. அதே கொக்கி, அதே கூடு.

பக்கத்துப் பாதையில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், காதுக் கருவிக்கு மேல் காது மூடி போட்டிருப்பார். நான் கையைத் தூக்கியதும் வந்தார். துப்பாக்கியை வாங்கி, "நான் சுடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மூன்று மேகசின் சுட்டார். 27இல் மாட்டியது. அவர் மணிக்கட்டைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பின்னால் மேசைக்கு அழைத்துப்போனார். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். ஸ்லைடைக் கழற்றினார். தரையில் கிடந்த ஒரு காலிக் கூட்டை எடுத்துத் துடைத்து, விளிம்பைக் கொக்கிக்கு அடியில் நுழைத்து, ஸ்லைடை நிமிர்த்தி லேசாக ஆட்டினார். கூடு டிங் என்று மேசையில் விழுந்தது. மறுபடி நுழைத்தார், மறுபடி விழுந்தது. "இதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. சில மாடலில் நல்ல கொக்கியே இப்படித்தான் விடும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ரேஞ்சில் வாடகைக்குக் கொடுக்கும் துப்பாக்கிகள் உண்டு. அதில் இதே மாடல் ஒன்று இருந்தது. ஊரில் உள்ளவனெல்லாம் சுட்டுச் சுட்டுக் கறுத்துப்போனது. அதன் ஸ்லைடைக் கழற்றி, அதே கூட்டை நுழைத்து ஆட்டினார். விழவில்லை. தலைகீழாகப் பிடித்தார். விழவில்லை. என் கையில் கொடுத்தார். நான் ஆட்டினேன். ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு கடிகாரக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே, அந்தக் கண்ணாடியைத் தந்தார். இரண்டு கொக்கியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வாடகைத் துப்பாக்கியின் கொக்கி, அத்தனை ஆயிரம் சுட்ட பிறகும், நகம் மாதிரி கூராக இருந்தது. என்னுடையதில் கீழ் முனையில் ஒரு துளி இல்லை. உடைந்ததா, வார்க்கும்போதே நிறையவில்லையா தெரியாது. உளுந்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவுதான்.

"அப்படியானால் எப்படி நூறில் 96 முறை வேலை செய்கிறது?" என்று கேட்டேன். அவருக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது, உட்கார்ந்துவிட்டார். தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தம் எழும்புகிறது. ஸ்லைடு பின்னால் நகரும்போது அந்த அழுத்தத்தின் மிச்சமே கூட்டைப் பின்னால் தள்ளிவிடும். கொக்கியே இல்லாத 9 மி.மீ. பிஸ்டல்கூடப் பல தடவை ஒழுங்காகக் கூட்டைத் துப்பிவிடும் என்றார். கொக்கியின் வேலை அந்த மிச்ச நாலு தடவைக்குத்தான். அறையில் கொஞ்சம் கரி படிந்து, கூடு கொஞ்சம் இறுகி, அழுத்தம் மட்டும் போதாமல் போகும் தருணத்துக்கு. சுத்தம் செய்து எண்ணெய் போட்டு இருபது சுட்டால் அந்தத் தருணம் வராமலே போகலாம். ஆக, மூன்று வரித் தாளின் இரண்டாம் வரி மூன்றாம் வரியைக் காப்பாற்றியிருக்கிறது!

"முப்பது டாலர் சாமான். பத்து நிமிட வேலை. நானே மாற்றித் தருவேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கணவர் அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் டப்பா

அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. வடசேரியில் ஒரு மெக்கானிக்கிடம்தான் விடுவார். வண்டி எடுக்கப் போனால் அந்த அண்ணன் முதலில் சாவியைத் தரமாட்டார். தினத்தந்தித் தாளில் பொதிந்த ஒரு பொட்டலத்தைத் தருவார். உள்ளே மாற்றிய பழைய சாமான், கிரீஸோடு. "பாத்துக்கிடுங்க சார், பல்லு போயிருக்கு" என்று விரலால் தடவிக் காட்டுவார். அப்பாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புரிந்த மாதிரித் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காசு. அந்தப் பொட்டலங்களை அப்பா தூக்கிப் போட்டதே இல்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் கிளட்ச் ஷூ, பேரிங், செயின் துண்டு என்று நிறைந்திருக்கும். நமக்கெல்லாம் தெரிந்த பழக்கம்தான். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றுவார்கள் என்ற பயத்தில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பொட்டலம் திருட்டுக்கு எதிரான ரசீது மட்டும் இல்லை. எது கெட்டது, எப்படிக் கெட்டது என்பதை வண்டி ஓட்டுபவனும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது. அடுத்த தடவை அந்தச் சத்தம் வந்தால் அப்பாவுக்கே தெரியும்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முப்பது டாலரில் முடித்துக்கொண்டால் என் துப்பாக்கி ஓடும். ஆனால் என்னுடைய தொடர் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள துப்பாக்கிகள் யாரிடமோ இருக்கின்றன. அதே நாளில், அதே அச்சில் வந்த கொக்கியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாங்கி, பத்துச் சுட்டு, படுக்கை அலமாரியில் வைத்து மறந்தவர்கள்தான் அதிகம். எங்கள் பம்ப் ஒன்றில் நிஜமாகவே கோளாறு என்று தெரிந்தால், அந்தத் தொகுதி எண்ணுள்ள எல்லாவற்றையும் மாடி மாடியாகத் தேடிச் சேகரிப்பார்கள். நான் ஒரு நர்ஸாக எஃப்டிஏவுக்கே (மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு) நேராக எழுத ஒரு படிவம் இருக்கிறது. ரொட்டி சுடும் டோஸ்டர் தீப்பிடித்தால் அதைத் திரும்பப் பெறச் சொல்ல அமெரிக்காவில் ஓர் ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையத்தை உண்டாக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டமே துப்பாக்கியை அதன் வரம்பிலிருந்து வெளியே வைத்துவிட்டது. டோஸ்டருக்கு உண்டு, துப்பாக்கிக்கு இல்லை. தயாரித்தவர்களே முன்வந்தால்தான். அப்படி முன்வரும்போதும் வார்த்தையைப் பார்த்துத்தான் போடுவார்கள். சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிய வந்தபோது, 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் தன் பி320 பிஸ்டலுக்கு அறிவித்ததன் பெயர் 'தன்னார்வ மேம்பாடு'. ஐரோப்பாவில் பல நாடுகளில் துப்பாக்கி கடைக்குப் போகுமுன் தயாரிப்பாளரைச் சேராத ஒரு சோதனைச் சாலையில் அதிக அழுத்தத் தோட்டா வைத்துச் சுட்டு முத்திரை குத்த வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டாயமும் இல்லை. (அந்த முத்திரை என் கொக்கியைப் பிடித்திருக்காது என்பதும் உண்மை. அது குழாய் வெடிக்குமா என்று பார்ப்பது.)

உத்தரவாதத் தாளையும் முதல் முறையாக முழுதாகப் படித்தேன். 'வாழ்நாள்' என்ற சொல் பெரிதாக இருந்தது. அதற்கு முன்னால் 'லிமிடெட்'. 1975இல் வந்த உத்தரவாதச் சட்டப்படி, 'முழு' உத்தரவாதம் என்று எழுதினால், நியாயமான அளவு முயன்றும் சரியாகவில்லை என்றால் வேறு பொருளோ பணமோ தர வேண்டும். 'லிமிடெட்' என்று எழுதிவிட்டால் அந்தக் கட்டாயம் கிடையாது. யார்தான் 'முழு' என்று எழுதுவார்கள்?

இரண்டாவது பெட்டியை அனுப்பியபோது கடிதத்தைப் பத்து வரிக்குள் வைத்தேன். நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள் என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. கொக்கியின் படம், வாடகைத் துப்பாக்கியின் கொக்கிப் படம் பக்கத்தில். விளிம்பில் கீறல் விழுந்த ஒரு கூடு. கடைசியில் இரண்டு கோரிக்கை. பழைய பாகத்தைத் திருப்பித் தரவும். அதில் என்ன குறை என்று எழுதித் தரவும்.

மூன்று வாரம் கழித்து வந்தது. இம்முறை இரண்டே வரி. எக்ஸ்ட்ராக்டர் மாற்றப்பட்டது. சுட்டுப் பார்க்கப்பட்டது. பழைய பாகம் இல்லை. குறை என்ன என்று ஒரு சொல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு இலவச மேகசினும், நிறுவனத்தின் முத்திரை போட்ட ஒரு தொப்பியும் இருந்தன. போன் செய்தேன். உத்தரவாதத்தில் கழற்றிய பாகம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார்கள். சரி, அதை யாராவது பார்த்தார்களா, அந்தத் தொகுதியில் வேறு எதையாவது சோதித்தீர்களா என்று கேட்டேன். எடுத்தது அதே முதல் பையன் என்றுதான் நினைக்கிறேன். "நான் வாடிக்கையாளர் சேவை மேம்" என்றான். அவன் குரலில் எரிச்சல் இல்லை. அவனுக்கும் தெரியாது, அவ்வளவுதான். பயோமெட்டில் இருந்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் பையனையும் நான் திட்டியதில்லை.

"ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்கிறார் கணவர். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கேட்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் விட நல்ல தொப்பி. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துப்பாக்கி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள், எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "பழசத் தந்தானா?" இல்லை என்றேன். "அப்ப மாத்தினான்னு எப்படி நம்புவ?" மாற்றியிருக்கிறார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தேன், புது முனை கூராக இருக்கிறது என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. நான் சமாதானம் ஆகாததும் அதனால் இல்லை. ஆனால் போனில் இருவரும் ஒரே பக்கம் நின்றது ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பயிற்சியாளர் 200 தோட்டா தடங்கலில்லாமல் போனால் போதும், நம்பலாம் என்கிறார். நான் 500 என்று வைத்துக்கொண்டேன். அதுவரை அது படுக்கைப் பக்கத்துப் பெட்டிக்குப் போகாது, மாடி அலமாரியில் பூட்டியிருக்கும். பின்கதவுக்கு இரும்புப் பட்டையும் நீளமான திருகாணிகளும் போட்டாயிற்று. அதைச் செய்த ஆசாரி, பழைய திருகாணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மெக்சிகோக்காரர். நான் கேட்கவே இல்லை.

போன வாரம் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம். கீழே ஒரு கேள்வி. உங்கள் பிரச்சினை தீர்ந்ததா, ஆம் அல்லது இல்லை. எழுத இடம் இல்லை. திறந்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன், வந்து பார்த்தபோது பக்கம் காலாவதியாகியிருந்தது.

நோட்டில் இந்த ஞாயிறு வரை 412. குறை என்று எழுதும் கட்டம் எல்லா வரியிலும் காலி. இன்னும் 88 இருக்கிறது.